எம்.சி.வி. 86: வெள்ளவத்தைக் கர்ப்பவதி ஒருவரின் இரத்தச்சோகை – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் அரிய நோய் எதுவும் இல்லை. கொழும்பின் எந்தக் கர்ப்பவதிக் கிளினிக்கிலும் நாளாந்தம் காணக்கூடிய இரத்தச்சோகைதான். ஆனாலும் இதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். நாலு மாதமாக ஒரு நாளும் தவறாமல் இரும்புக் குளிசை போட்ட பெண்ணின் ஈமோகுளோபின் ஏறாமல் இறங்கியது. ஏன் இறங்கியது என்பதை அவருடைய எஃப்.பி.சி. (முழு இரத்தக் குழிய எண்ணிக்கை) அறிக்கையிலிருந்த, யாரும் சந்தேகப்படாத ஓர் எண் மறைத்துக்கொண்டிருந்தது. குருதியியல் ஆய்வுகூடத்தில் ஸ்லைட் பார்ப்பது என் வேலை. இந்த நிகழ்வில் விடையை முதலில் கண்டது ஆய்வுகூடம் அல்ல, வீட்டுக்குப் போன ஒரு மிட்வைஃப்.

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வயது 29. இரண்டாவது கர்ப்பம். யாழ்ப்பாணத்திலிருந்து திருமணமாகி வந்து, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடியில் குடியிருக்கிறார். கணவர் புடவைக் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறார். மாமியும் கூடவே இருக்கிறார். பிறந்ததிலிருந்து சைவம். மீன், இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் அந்த வீட்டு அடுப்பில் ஏறியதில்லை. மூத்த மகனுக்கு 14 மாதமாக இருந்தபோது இந்தக் கர்ப்பம் தங்கியது. அதுவரை அவன் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான்.

9ஆவது வாரத்தில் கிளினிக்கில் பதிந்தபோது ஈமோகுளோபின் 11.2. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11க்குக் கீழ், நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் கீழ் என்றால்தான் இரத்தச்சோகை. எனவே அன்று கவலைப்பட எதுவும் இருக்கவில்லை. போலிக் அமிலம் கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் கழிந்ததும் இரும்பு, விற்றமின் சி, கல்சியம் ஆகியவையும், ஒரு தடவை பூச்சிக் குளிசையும் கிடைத்தன. கர்ப்பவதிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவும் வந்தது. அதில் பெரும்பங்கு மூத்தவனின் கோப்பைக்குத்தான் போனது. இதைக் குற்றமாகச் சொல்லும் தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை.

28ஆவது வாரத்தில் ஈமோகுளோபின் 8.6. இரண்டு கிழமையாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னார். “வயிறு பெருத்தால் அப்படித்தான்” என்று பதில் கிடைத்தது.

முதலில் வந்த விளக்கங்கள்

கர்ப்பத்தில் ஈமோகுளோபின் குறைவது இயற்கை என்பது பாதி உண்மை. தாயின் இரத்தத்தின் நீர்ப்பகுதியான திரவவிழையம் 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது. செங்குழியங்களின் மொத்தத் திணிவு 20 முதல் 30 வீதம்தான் கூடுகிறது. நீர் கூடுதலாகவும் குழியம் குறைவாகவும் பெருகுவதால் இரத்தம் ஐதாகிறது. சூல்வித்தகத்துக்குள் (நஞ்சுக்கொடி) இரத்தம் தடையின்றி ஓட அது உதவும். ஆனால் அந்த ஐதாக்கத்துக்கு இடம் விட்டுத்தான் மேலே சொன்ன எல்லைகளை வகுத்திருக்கிறார்கள். 8.6ஐ ஐதாக்கத்தின் தலையில் கட்ட முடியாது.

அடுத்த விளக்கம், “குளிசை போட்டிருக்க மாட்டார்”. இது மிக இலகுவாக வந்துவிடுகிற விளக்கம். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். இந்தக் கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. அவருக்கோ கடைச் சிங்களம்தான் தெரியும். குளிசை போடுகிறீர்களா என்று கேட்டார்கள், “ஓவ்” (ஓம்) என்றார். உணவு பற்றிக் கேட்கவேண்டிய அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் சுருங்கிப்போயிற்று. அவர் சொன்னது உண்மை. கேள்விதான் போதவில்லை.

அறிக்கையின் மற்ற எண்கள் இவை: செங்குழிய எண்ணிக்கை 3.08 மில்லியன், எம்.சி.வி. 86, எம்.சி.எச். 28, ஆர்.டி.டபிள்யூ. 21, வெண்குழியம் 5,100, குருதிச் சிறுதட்டு 158,000. எம்.சி.எச். என்பது ஒரு செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபினின் சராசரி அளவு, எம்.சி.வி. என்பது ஒரு செங்குழியத்தின் சராசரிக் கனவளவு. 80க்கும் 100க்கும் இடையில் இருந்தால் வழமையானது. இரும்புக் குறைபாட்டில் குழியம் சிறுத்து அது 80க்குக் கீழ் போகும். பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் காவிகளிலும் போகும். ஆனால் அவர்களில் குழியங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் உயர்ந்திருக்கும். இவரில் இரண்டும் இல்லை. “எம்.சி.வி. நோர்மல்” என்று அட்டையில் எழுதி, இரும்புக் குளிசையை இரண்டாக்கி அனுப்பிவிட்டார்கள்.

என் கண் நிற்பது 21இல். ஆர்.டி.டபிள்யூ. என்பது குழியங்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்கிற அளவு. அது ஏறக்குறைய 15ஐத் தாண்டக்கூடாது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 20 புள்ளியும் மீதிப் பாதி 80 புள்ளியும் எடுத்தால் சராசரி 50 என்று வரும். ஐம்பது எடுத்த பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இருக்காது. வெண்குழியமும் என்னை உறுத்தியது. கர்ப்பத்தில் அது இயல்பாகவே ஏறி 10,000க்கு மேலும் போகும். 5,100 என்பது ஆய்வுகூடத்தின் பொது எல்லைக்குள் அடங்கும், ஆனால் ஏழு மாதக் கர்ப்பவதிக்குக் குறைவு.

மேசையில் விழுந்த விடை

அந்தப் பகுதியின் மிட்வைஃப் விடுமுறையில் இருந்தபடியால், பதிலுக்கு வந்த தமிழ் மிட்வைஃப் வீட்டுக்குப் போனார். எனக்குப் பின்னர் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“தங்கச்சி, நேற்று விடிய எழும்பினதிலயிருந்து ராத்திரி படுக்குமட்டும் வாயில வைச்ச எல்லாத்தையும் சொல்லுங்கோ. தண்ணியையும் விடாமச் சொல்லுங்கோ.”

“விடிய ஒரு வெறுந்தேத்தண்ணி மிஸ். பிறகு இடியப்பமும் சொதியும் சம்பலும். அதோட ஒரு தேத்தண்ணி.”

“பால் விட்டோ?”

“இல்லை மிஸ். சத்தி தொடங்கினதிலயிருந்து பால் மணமே ஒத்துக்கொள்ளேல்ல. பால்மா விக்கிற விலைக்கு, இருக்கிறதை மூத்தவனுக்குத்தான் கரைச்சுக் குடுக்கிறது.”

“தயிர்?”

“எப்பவாவது வெள்ளிக்கிழமையில.”

“சரி, குளிசையள் எப்ப போடுறனீங்கள்?”

“மத்தியானம் சாப்பிட்ட கையோட எல்லாத்தையும் ஒண்டாய்ப் போடுவன். இரும்புக் குளிசை வயித்தைப் பிரட்டும், அதால தேத்தண்ணியோட விழுங்கிறது.”

மாமி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். போட்டு முடித்த குளிசைகளின் வெற்று உறைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. மருமகள் சொன்னபடி செய்திருக்கிறாள் என்று காட்டத்தான் கொண்டுவந்தார். மிட்வைஃப் அந்த உறைகளை எண்ணிப் பார்த்தார், கணக்குச் சரி. பிறகு அந்தப் பெண்ணின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். விரல் மொளிகள் கறுத்திருந்தன. நாக்கை நீட்டச் சொன்னார், வழவழப்பாய்ச் சிவந்திருந்தது. “அது சூடுதான் மிஸ், வெந்தயம் ஊறவைச்சுக் குடுத்தனான்” என்றார் மாமி. உள்ளங்கால் எரிகிறதா என்று கேட்டதும் அந்தப் பெண் ஆச்சரியப்பட்டுப் போனார். இரவில் எரிவும் விறுவிறுப்பும் இருந்தன. இதைக் கிளினிக்கில் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

கர்ப்பவதிப் பதிவேட்டின் ஓரத்தில் மிட்வைஃப் எழுதியது நாலே வரி: பால் நிறுத்தம். வெறுந்தேத்தண்ணி நாளுக்கு ஆறு. எல்லாக் குளிசையும் ஒன்றாய், தேத்தண்ணியுடன். உள்ளங்கால் எரிவு. அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் சுகாதார வைத்திய அதிகாரி பிளட் பிக்சர், அதாவது இரத்தத்தை ஸ்லைட்டில் பூசிப் பார்க்கும் பரிசோதனை, கேட்டு அனுப்பினார்.

நுணுக்குக்காட்டியில்

ஸ்லைட்டில் இரண்டு விதமான இரத்தம் கலந்து கிடந்தது. ஒரு பக்கம் சிறுத்து வெளிறி, நடுவில் நிறமே இல்லாத குழியங்கள். சில பென்சிலைப் போல் நீண்டவை. அவை இரும்பு இல்லாமல் பிறந்தவை. அவற்றுக்கு நடுவே பெருத்து முட்டை வடிவமான குழியங்கள். வெண்குழியங்களில் ஒரு வகையான நியூத்திரோபில்களின் கரு வழமையாக மூன்று, நாலு சோணைகளாகப் பிரிந்திருக்கும். இங்கே ஐந்து சோணை பல இடங்களில் இருந்தது. ஆறு சோணையுள்ள ஒன்றும் கண்ணில் பட்டது. ஆறு ஒன்று தெரிந்தாலே போலிக் அமிலமோ விற்றமின் பி12ஓ குறைந்திருக்கிறது என்று தேடத் தொடங்கவேண்டும். போலிக் அமிலம் அவர் ஒழுங்காகப் போட்டுவந்தது.

குழியம் பிரிய டி.என்.ஏ. வேண்டும், அதைக் கட்ட பி12உம் போலேற்றும் (போலிக் அமிலம்) வேண்டும். இல்லாவிட்டால் என்பு மச்சையில் குழியம் பிரிய முடியாமல் பெருத்துக்கொண்டே போகும். இரும்பு இல்லாவிட்டால் ஈமோகுளோபின் நிரம்பாமல் சிறுக்கும். இரண்டும் ஒரே மச்சையில் நடந்தால் சராசரி 86.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் 8தான். சீரம் பி12 96. வழமையான கீழெல்லை ஏறக்குறைய 200. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வேண்டும். குறைபாடு இல்லாத கர்ப்பவதிகளிலும் பிற்பகுதியில் சீரம் பி12 இறங்கும். பி12ஐ இரத்தத்தில் சுமக்கும் புரதங்களில் ஒன்று கர்ப்பத்தில் குறைவதும் அதற்குக் காரணம். ஆகையால் 180, 190 என்று ஒரு எண்ணைக் கண்டதும் ஊசியை எடுக்கக்கூடாது. இவரில் எண் மட்டும் பேசவில்லை. ஸ்லைட், நாக்கு, கால், உணவு எல்லாம் ஒரே கதையைச் சொல்லின. பி12 குறைந்தால் இரத்தத்தில் கூடுகிற ஹோமோசிஸ்ரீனும் 19 என்று வந்தது. கர்ப்பத்தில் அது குறையத்தான் வேண்டும். நரம்பைச் சோதிக்க 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்தபோது அதிர்வு மங்கலாகவே தெரிந்தது. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு இல்லை. கணவரின் எஃப்.பி.சி. வழமையாக இருந்ததால் குழந்தைக்குக் கடும் தலசீமியா வருமோ என்ற கவலையும் விலகியது.

ஏன் இப்படி நடந்தது

ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. சிசுவுக்கும் சூல்வித்தகத்துக்கும் 300, தாயின் புதிய செங்குழியங்களுக்கு 500, உடல் வழமையாக இழப்பது 200. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக உறிஞ்சினால் போதும். கடைசியில் அது 7க்கு மேல் போகிறது. சேமிப்போடு கர்ப்பத்தில் நுழைந்த பெண்ணுக்கே இது மலையேற்றம். மூத்தவனுக்குக் கொடுத்ததை மீட்க இவருக்குக் காலமே கிடைக்கவில்லை.

அடுத்து அந்த ஆறு தேத்தண்ணி. மரக்கறியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பையும், குளிசையின் இரும்பையும், தேயிலைச் சாயம் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சல் பாதிக்கும் மேல் குறையலாம். கூடவே விழுங்கிய கல்சியமும் இரும்புக்குப் போட்டி. வீட்டில் முருங்கைக்கீரையும் பொன்னாங்காணியும் கிழமையில் மூன்று நாள் சமைத்தார்கள். மாமியின் அந்த உழைப்பு முழுவதையும் சாப்பிட்ட கையோடு குடித்த ஒரு கோப்பை தோற்கடித்துக்கொண்டிருந்தது.

பி12 வேறு கதை. அதை எந்தச் செடியும் செய்வதில்லை, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. விலங்குணவு வழியாகவே நமக்கு வருகிறது. கீரையை எவ்வளவு கூட்டினாலும் வராது. முட்டையும் தொடாத சைவக் குடும்பத்தில் பாலும் தயிரும் மோரும்தான் வழி. கர்ப்பவதிக்கு நாளுக்கு 2.6 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 1 இருக்கும். ஈரலில் பி12 ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருக்கும் என்று படித்திருக்கிறோம். அது நிறையச் சேமித்தவருக்கு. வாழ்நாள் முழுக்க விளிம்பில் நின்றவர், ஒரு பிள்ளைக்குப் பாலூட்டி உடனே அடுத்ததைச் சுமந்தவர், எதைச் சேமித்திருப்பார்? பால் தேத்தண்ணியை விட்டு வெறுந்தேத்தண்ணிக்கு மாறியதில் மிச்சமிருந்த பி12 வழி அடைபட்டது, அதைச் சாப்பாட்டோடும் குளிசையோடும் குடித்ததில் இரும்பின் வழியும் அடைபட்டது. இரண்டு குறைபாட்டுக்கும் ஒரே கோப்பை.

இங்கே லூசி வில்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1920களின் கடைசியில் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் அவர். ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பவதிகளுக்கு வந்த, குழியம் பெருக்கும் கடுமையான இரத்தச்சோகையை ஆராய்ந்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். கடைசியில் அவர்களைக் குணமாக்கியது மார்மைட். நம்முடைய வீடுகளில் பாணில் பூசுகிற, சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கிற அதே மார்மைட். 1931இல் அதை வெளியிட்டார். அதிலிருந்த பொருள்தான் பின்னர் 1941இல் பிரித்தெடுக்கப்பட்ட போலிக் அமிலம். பி12ஐப் பிரித்தெடுத்தது 1948இல். இரண்டின் குறைபாடும் இரத்தத்தில் ஒரே தோற்றத்தைத் தருபவை. ஆனால் பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் ஓரளவு தேறும். நரம்பு தொடர்ந்து கெடும். எங்கள் பெண்ணிலும் கிளினிக் கொடுத்த போலிக் அமிலம் இரத்தத்தை ஓரளவு தாங்கிப் பிடித்திருக்கக்கூடும். கால்களுக்கு அது உதவவில்லை.

சிகிச்சை

பி12 முதலில். ஹைட்ரொக்சோகோபலமின் 1,000 மைக்ரோகிராம் தசை ஊசியாக ஒன்றுவிட்ட ஒரு நாள் வீதம் இரண்டு வாரம், பின்னர் வாரம் ஒன்று. நரம்பு அறிகுறி இருந்ததால் வாய்வழிக் குளிசையில் தொடங்கவில்லை. போலிக் அமிலத்தை நிறுத்தவுமில்லை. மச்சை திடீரென விழிக்கும்போது பொட்டாசியம் இறங்கலாம் என்பதால் அதையும் பார்த்தோம், இறங்கவில்லை.

இரும்பு விடயத்தில் இரண்டு கருத்து இருந்தது. தேத்தண்ணியை விலக்கிக் குளிசையையே தொடரலாம் என்றார் ஒருவர். நேரம் நிறைய இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிரசவத்துக்குப் பத்து, பதினொரு வாரமே இருந்தது. பி12 கிடைத்து மச்சை வேலையைத் தொடங்கியதும் மிச்சமுள்ள கொஞ்ச இரும்பும் ஒரேயடியாய்ச் செலவாகும். எனவே நாளத்தினூடாக இரும்பு கொடுப்பதென்று முடிவாயிற்று. நிறை 54 கிலோ, இலக்கு 11, இருப்பது 8.6, சேமிப்புக்கு 500 சேர்த்து வழமையான சூத்திரத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 811 மில்லிகிராம். அயன் சுக்ரோஸ் 200 மில்லிகிராம் வீதம் நாலு தடவை கொடுத்தார்கள்.

ஏழாம் நாள் இளஞ்செங்குழியங்கள் 1.6 வீதத்திலிருந்து 7.8க்கு ஏறியிருந்தன. 31ஆவது வாரத்தில் ஈமோகுளோபின் 9.4, எம்.சி.வி. 83 ஆக இறங்கியிருந்தது. அறிக்கையைப் பார்த்த கணவர் பயந்துபோனார். பெருத்த குழியங்கள் கழியக் கழிய இரும்புக் குறைபாட்டின் சிறுத்த குழியங்கள் வெளியே தெரிவதால்தான் இந்த இறக்கம், இது நல்ல குறி என்று விளக்கவேண்டியிருந்தது. 34இல் 10.6, 37இல் 11.4, பெரிற்றின் 62. நாக்குப் புண் ஒரு கிழமையில் ஆறியது. உள்ளங்கால் எரிவு மெல்லத்தான் குறைந்தது. பிரசவத்தின்போதும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

உணவில் அந்தக் குடும்பத்தின் சைவத்தை யாரும் தொடவில்லை. முட்டை சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது ஆலோசனையே அல்ல. அவர் செய்யமாட்டார் என்று தெரிந்துகொண்டே சொல்வது. அந்தப் பெண் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ தள்ளினார். இரும்பு காலை வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணீருடன், கல்சியம் இரவில். பால் மணம் ஒத்துக்கொள்ளாததால் தயிரும் மோரும். கீரை சமைத்த நாளில் நெல்லிக்காய்ச் சம்பல் வைப்பது மாமியின் யோசனை. மிக நல்ல யோசனை. விற்றமின் சி செடி இரும்பை உறிஞ்ச உதவும்.

39ஆவது வாரத்தில் சாதாரணப் பிரசவம். ஆண் குழந்தை, 2.9 கிலோ. இரத்தம் ஏற்றவேண்டி வரவில்லை.

பிரசவத்தோடு முடியாதது

பி12 குறைந்த தாயின் பாலிலும் பி12 குறைவு. பாலை மட்டும் குடிக்கும் குழந்தை பிறந்தபோது நன்றாகத்தான் இருக்கும். நாலாம், ஐந்தாம், ஆறாம் மாதங்களில் சிரிப்புக் குறைந்து, தலை நிற்பது தளர்ந்து, கற்றதை மறக்கத் தொடங்கலாம். தாமதித்துக் கண்டுபிடித்தால் முழுமையாக மீளாமலும் போகலாம். ஆகவே பாலூட்டும் காலம் முழுவதும் தாய்க்கு நாளாந்த பி12 குளிசை எழுதப்பட்டது. கிளினிக்கில் அவருக்குக் கிடைத்த பொதியில் பி12 இருக்கவில்லை. வெளியே காசு கொடுத்து வாங்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த கர்ப்பகாலப் பல்சத்துக் குளிசையில் 15 சத்துகள் உண்டு, 2.6 மைக்ரோகிராம் பி12உம் அதில் அடக்கம். குறைபாடு வந்தபின் அந்த அளவு போதாது. வராமல் தடுக்க, முட்டையும் சாப்பிடாத பெண்களுக்காவது முதல் கிளினிக்கிலிருந்தே கொடுக்கலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மூத்தவனைப் பற்றியும் கேட்டார் மிட்வைஃப். அவனும் இதே தாயின் பாலில் வளர்ந்தவன், இதே அடுப்பில் சாப்பிடுபவன். 20 மாதத்தில் இரண்டு, மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை. பரிசோதித்தபோது ஈமோகுளோபின் 9.8, பி12உம் குறைவு. அவனுக்கும் சிகிச்சை தொடங்கியது. சில மாதத்தில் இரத்தம் தேறியது. பேச்சும் வந்தது. அது பி12ஆல் வந்ததா, வயதோடு தானாக வந்ததா என்று ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. சிறுவர் வைத்தியர் அவனைத் தொடர்ந்து பார்க்கிறார். தம்பிக்கு ஆறாம் மாதத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை வழமையாக இருந்தது.